தனியார் இன்ஜினீயரிங் கல்லூரியைச் சோதிக்க அரசு தரும் இணையதளங்கள்: எது தேறும், எது தேறாது

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு கல்லூரி ஏஜென்ட்டுகளின் போன் வர ஆரம்பித்துவிடும். சொல்வது எல்லாருக்கும் ஒன்றுதான்: ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில்) அப்ரூவல் இருக்கிறது, நாக் (கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரம் போடும் தேசிய அமைப்பு) கிரேடு இருக்கிறது, பிளேஸ்மென்ட் 95 சதவீதம். இந்த மூன்றையும் சரிபார்க்க அரசு அமைப்புகளே இணையதளங்கள் வைத்திருக்கின்றன. பணம் கட்ட வேண்டியதில்லை, பெரும்பாலானவற்றுக்கு லாகின்கூட வேண்டாம். அந்தச் சேவைகள் தமிழ்நாட்டில் ஒரு சுயநிதிக் கல்லூரியைப் பற்றி எவ்வளவு சொல்கின்றன, எங்கே கைவிடுகின்றன என்பதுதான் இந்த விமர்சனம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம்: எந்தத் தளத்தையும் தனியாக நம்பிப் பயனில்லை. ஒரே கல்லூரி இரண்டு தளங்களில் கொடுத்த இரண்டு கணக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் விஷயம் வெளியே வரும்.

ஏ.ஐ.சி.டி.இ. டேஷ்போர்டு

ஆண்டு, மாநிலம், படிப்பு வகை மூன்றையும் தேர்ந்தெடுத்தால் கல்லூரிகளின் பட்டியல் வரும். ஒவ்வொரு கல்லூரிக்கும் '1-' என்று தொடங்கும் நிரந்தர எண் உண்டு. பெயரை வைத்துத் தேடுவதைவிட அந்த எண்ணை வைத்துத் தேடுவது நல்லது. ஒரே அறக்கட்டளை ஒரே வளாகத்தில் கிட்டத்தட்ட ஒரே பெயரில் இரண்டு மூன்று கல்லூரிகள் நடத்துவது இங்கே சாதாரணம். ஒன்றின் பெருமையைக் காட்டி இன்னொன்றில் சேர்த்துவிடுவார்கள்.

பார்க்க வேண்டிய ஆவணம், புதுப்பித்துத் தரப்படும் அப்ரூவல் நீட்டிப்புக் கடிதம். கல்லூரி வரவேற்பறையில் ஃபிரேம் போட்டு மாட்டியிருப்பது பெரும்பாலும் கல்லூரி தொடங்கிய வருடத்துக் கடிதம். அதனால் இன்றைக்கு ஒரு பயனும் இல்லை. சேரப்போகும் கல்வியாண்டு கடிதத்தில் அச்சாகியிருக்கிறதா, சேரப்போகும் பிரிவின் பெயர் அப்படியே எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா, அதற்கு நேரே எத்தனை இடங்கள் என்று மூன்றையும் பாருங்கள். ஒரு பிரிவு படிப்படியாக மூடப்படுகிறது என்ற குறிப்பு இருந்தால் அதில் புதிய சேர்க்கையே கிடையாது. ஏற்கெனவே படிப்பவர்கள் முடித்துவிட்டுப் போவார்கள், அவ்வளவுதான்.

இடங்களின் எண்ணிக்கை இப்போது முன்பைவிட முக்கியம். 2024-27 காலத்துக்கான அப்ரூவல் கையேட்டில், ஒரு பிரிவுக்கு 240 இடங்கள் என்ற உச்சவரம்பை ஏ.ஐ.சி.டி.இ. எடுத்துவிட்டது. வசதியும் ஆசிரியரும் இருந்தால் கூட்டிக்கொள்ளலாம் என்பது விதி. அந்த 'இருந்தால்' தான் சிக்கல். விதிப்படி 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர். 60 இடம் கொண்ட ஒரு செக்ஷனுக்கு நான்கு ஆண்டும் சேர்த்து 240 மாணவர்கள், ஆக 12 ஆசிரியர்கள் வேண்டும். பேராசிரியர், இணைப் பேராசிரியர், உதவிப் பேராசிரியர் விகிதம் 1:2:6. கம்ப்யூட்டர் சயன்ஸில் மட்டும் 180 இடம் வைத்திருக்கும் கல்லூரிக்கு அந்தத் துறையிலேயே 36 ஆசிரியர்கள் தேவை, அதில் நான்கு பேராவது பேராசிரியர்கள். கல்லூரித் தளத்தில் துறையின் ஆசிரியர் பக்கத்தைத் திறந்து எண்ணிப்பாருங்கள். 36 இருக்க வேண்டிய இடத்தில் 19 பெயர் இருந்தால் அதற்கு மேல் ஆராய்ச்சி தேவையில்லை.

இந்தத் தளத்தின் பெரிய குறை ஒன்று உண்டு. ஏற்கெனவே நடக்கும் கல்லூரிகளுக்கான நீட்டிப்பு, கல்லூரி தானே ஆன்லைனில் ஏற்றும் விவரங்களின் பேரில் தரப்படுகிறது. ஆக, டேஷ்போர்டு காட்டும் ஆசிரியர் எண்ணிக்கை கல்லூரி சொன்ன எண்ணிக்கை. அப்ரூவல் உண்டா இல்லையா என்பதற்கு இதைவிட நம்பகமான இடம் வேறில்லை; ஆசிரியர் விவரத்துக்கு இதை நம்ப வேண்டாம்.

ஒரு சட்டச் சந்து: பல்கலைக்கழகங்கள் தொழில்நுட்பப் படிப்பு தொடங்க ஏ.ஐ.சி.டி.இ.யின் முன் அனுமதி வாங்கத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2001-ல் பாரதிதாசன் பல்கலைக்கழக வழக்கில் சொல்லிவிட்டது. நிகர்நிலை (டீம்டு) பல்கலைக்கழகங்களும் அதே குடைக்குள் நின்றுகொண்டிருந்தன. 2017-ல் வேறொரு வழக்கில் அவர்களுக்கு அது பொருந்தாது என்று தீர்ப்பு வந்தது. எனவே "நாங்க டீம்டு, எங்களுக்கு அப்ரூவல் தேவையில்ல" என்று இன்றைக்கு யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடலாம். இன்னொன்று, 2024-25 முதல் பி.பி.ஏ., பி.சி.ஏ. படிப்புகளும் ஏ.ஐ.சி.டி.இ.யின் கீழ் வந்துவிட்டன. கலை அறிவியல் கல்லூரியில் பி.சி.ஏ. சேருகிறவர்களும் இந்தத் தளத்தைப் பார்க்க வேண்டும்.

அண்ணா பல்கலைக்கழகமும் டி.என்.இ.ஏ. தளமும்

ஏ.ஐ.சி.டி.இ. அப்ரூவல் முதல் கதவு. இரண்டாவது கதவு அண்ணா பல்கலைக்கழகத்தின் அஃபிலியேஷன், அதாவது இணைப்பு. இங்கே நேரில் இன்ஸ்பெக்ஷன் நடக்கும். ஆய்வகக் கருவிகள், ஆசிரியர்கள், நூலகம் எல்லாம் பார்ப்பார்கள். குறை கண்டால் இடங்களைக் குறைப்பார்கள். இதிலிருந்து சுலபமான ஒரு சோதனை கிடைக்கிறது. ஏ.ஐ.சி.டி.இ. கடிதத்தில் உள்ள இடங்களையும், டி.என்.இ.ஏ. எனப்படும் தமிழ்நாடு இன்ஜினீயரிங் சேர்க்கைக் கவுன்சலிங் தளத்தில் அதே கல்லூரி, அதே பிரிவுக்குக் காட்டப்படும் இடங்களையும் ஒப்பிடுங்கள். கவுன்சலிங்கில் வருவது அரசு ஒதுக்கீடு மட்டும்: சிறுபான்மை அல்லாத கல்லூரியில் 65 சதவீதம், சிறுபான்மைக் கல்லூரியில் 50 சதவீதம். 120 இடத்துக்கு அப்ரூவல் வாங்கிய பிரிவுக்குக் கவுன்சலிங்கில் 78 வர வேண்டும். 39 தான் இருக்கிறது என்றால் பல்கலைக்கழகம் 60 இடத்துக்குத்தான் இணைப்புத் தந்திருக்கிறது என்று பெரும்பாலும் பொருள். ஏன் என்று கல்லூரியிடம் கேளுங்கள். கல்லூரியே விருப்பப்பட்டு மேனேஜ்மென்ட் இடத்தில் ஒரு பகுதியை அரசுக்கு ஒப்படைப்பதும் உண்டு, அப்போது எண் 78-க்கு மேலே போகும்.

டி.என்.இ.ஏ. குறியீட்டு எண்ணே இல்லாத கல்லூரி என்றால் அது நிகர்நிலை அல்லது தனியார் பல்கலைக்கழகமாக இருக்க வேண்டும். இரண்டும் இல்லை என்றால் ஓடிவிடுங்கள்.

அண்ணா பல்கலைக்கழகம் ஏப்ரல்/மே, நவம்பர்/டிசம்பர் தேர்வுகளின் தேர்ச்சி விகிதத்தைக் கல்லூரி வாரியாக வெளியிடுகிறது. சதவீதத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். பக்கத்தில் எத்தனை பேர் தேர்வெழுதினார்கள் என்ற எண்ணையும் பாருங்கள். 40 பேர் எழுதி 70 சதவீதம் என்பதும் 1,200 பேர் எழுதி 70 சதவீதம் என்பதும் ஒன்றல்ல. குறைந்தது நான்கு செமஸ்டரின் பட்டியலை எடுத்து வைத்துப் பாருங்கள், ஒரு செமஸ்டர் ஏமாற்றும். தன்னாட்சிக் கல்லூரிகள் தேர்வைத் தாங்களே நடத்துவதால் இந்தப் பட்டியலை வைத்து அவற்றை எடைபோட முடியாது. பல பெற்றோர்கள் 'ஆட்டானமஸ்' என்பதைத் தரத்துக்கான பட்டமாக மட்டுமே பார்க்கிறார்கள். வெளியிலிருந்து ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரே பொதுத் தேர்வு அங்கே இல்லாமல் போகிறது என்பதும் அதில் அடங்கியிருக்கிறது.

இனி இன்ஸ்பெக்ஷன் விஷயம். 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் ஒரு குற்றச்சாட்டை முன்வைத்தது: 353 ஆசிரியர்கள் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேர ஆசிரியர்களாகக் கணக்குக் காட்டப்பட்டிருக்கிறார்கள், சம்பந்தப்பட்ட கல்லூரிகள் 224. முறைகேடு நடந்ததைப் பல்கலைக்கழகமும் ஒப்புக்கொண்டு விசாரணையில் இறங்கியது. கவனிக்க வேண்டியது, அந்த இயக்கம் யார் வீட்டையும் சோதனை போடவில்லை. பொதுவில் கிடைத்த ஆசிரியர் பட்டியல்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டது. இணைப்பு வழங்கும் அமைப்பு தன் சொந்தத் தகவலில் செய்திருக்க வேண்டிய வேலை அது. நேரில் ஆய்வு நடந்தது என்பதால் மட்டும் ஆசிரியர் பட்டியலை நம்பிவிட முடியாது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. சோதிக்க எளிய வழி: மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவர் இரண்டு பேரிடம் இந்த செமஸ்டரில் யார் யார் பாடம் எடுக்கிறார்கள் என்று பெயர் கேட்டு, கல்லூரித் தளத்துப் பட்டியலோடு சேர்த்துப் பாருங்கள். முனைவர் பட்டம் பெற்ற பேராசிரியர்களின் பெயர்கள் பட்டியலில் இருந்து மாணவர் வாயில் வராவிட்டால் காரணம் ஊகிக்கக்கூடியதுதான்.

நாக், என்.பி.ஏ.

நாக் மொத்தக் கல்லூரிக்குத் தரும் கிரேடு, ஐந்தாண்டு செல்லும். 4-க்கு 3.51 எடுத்தால் ஏ++, 3.01-க்கு மேல் ஏ, 2.01 எடுத்தாலே பி. கல்லூரி தன்னைப் பற்றித் தானே எழுதிக் கொடுக்கும் அறிக்கையிலிருந்துதான் மதிப்பெண்ணின் பெரும்பகுதி வருகிறது. 2025 பிப்ரவரியில் ஆந்திரத்தில் ஒரு கல்வி நிறுவனத்துக்கு ஏ++ கிடைக்க லஞ்சம் வாங்கியதாக நாக் ஆய்வுக் குழுவினரையே சி.பி.ஐ. கைது செய்தது. அதற்குப் பிறகும் விளம்பரப் பலகையில் இருக்கும் கிரேடுக்கு அதிக மதிப்புக் கொடுக்க எங்களால் முடியவில்லை.

என்.பி.ஏ. (தேசிய அங்கீகார வாரியம்) இதைவிடப் பயனுள்ளது, ஏனென்றால் அது பிரிவு வாரியாக அங்கீகாரம் தருகிறது. மெக்கானிக்கலுக்கு வாங்கியதைக் காட்டி "கல்லூரிக்கே என்.பி.ஏ. இருக்கு" என்று செயற்கை நுண்ணறிவுப் பிரிவுக்கு ஆள் பிடிப்பார்கள். என்.பி.ஏ. தளத்தில் கல்லூரியைத் தேடி, உங்கள் பிரிவின் பெயரும் முடியும் தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டில் மேற்படிப்போ வேலையோ திட்டமிருந்தால் இன்னொரு நுணுக்கம்: இன்ஜினீயரிங் பட்டங்களை நாடுகள் பரஸ்பரம் ஏற்கும் வாஷிங்டன் உடன்பாட்டில் இந்தியா 2014 முதல் உறுப்பு நாடு, ஆனால் அந்த அங்கீகாரம் என்.பி.ஏ.யின் முதல் அடுக்கில் (டயர் 1) வரும் படிப்புகளுக்கு மட்டும். சாதாரண இணைப்புக் கல்லூரிகள் வருவது இரண்டாம் அடுக்கில்.

என்.ஐ.ஆர்.எப். பி.டி.எஃப்.: இருப்பதில் சிறந்தது

என்.ஐ.ஆர்.எப். என்பது மத்தியக் கல்வி அமைச்சகத்தின் தரவரிசை. அதில் ஒரு கல்லூரி எத்தனையாவது இடம் என்பது எங்களுக்குப் பெரிய விஷயமில்லை. ஆனால் கலந்துகொள்ளும் ஒவ்வொரு கல்லூரியும் தான் கொடுத்த விவரங்களைத் தன் இணையதளத்தில் பி.டி.எஃப். ஆகப் போட வேண்டும். முகப்புப் பக்கத்தின் அடியில் சின்னதாக 'என்.ஐ.ஆர்.எப்.' என்று ஓர் இணைப்பு இருக்கும். பெற்றோருக்கு அரசு தரும் கருவிகளிலேயே கூர்மையானது இதுதான். யாரும் திறப்பதில்லை.

அதில் வேலைவாய்ப்பு அட்டவணையைத் தேடுங்கள். ஒரே வரிசையில் முதலாண்டு சேர்ந்தவர்கள், நேரடி இரண்டாமாண்டு சேர்ந்தவர்கள், நான்கு ஆண்டில் அரியர் இல்லாமல் முடித்தவர்கள், வேலை பெற்றவர்கள், அவர்களுடைய இடைநிலைச் சம்பளம், மேற்படிப்புக்குப் போனவர்கள் என்று இருக்கும். உதாரணத்துக்கு, சேர்ந்தவர்கள் 420, குறித்த காலத்தில் முடித்தவர்கள் 250, வேலை பெற்றவர்கள் 180 என்று வையுங்கள். சேர்ந்தவர்களில் வேலை பெற்றவர்கள் 43 சதவீதம். அதே கல்லூரி பிளேஸ்மென்ட்டுக்குத் தகுதியானவர்கள் என்று 190 பேரை மட்டும் பதிவு செய்யவிட்டு, 180-ஐ அதால் வகுத்து, 95 சதவீதம் என்று பேருந்தின் பின்புறம் எழுதியிருக்கும். இரண்டுமே கணக்குப்படி சரி. பிள்ளையைச் சேர்க்கிற உங்களுக்கு வேண்டியது முதல் கணக்கு. 420-க்கு 250 என்ற எண்ணையும் விட்டுவிடாதீர்கள். 170 பேர் அரியரோடோ இடையில் நின்றோ போயிருக்கிறார்கள்.

இடைநிலைச் சம்பளம் என்பது எல்லாச் சம்பளத்தையும் வரிசையாக வைத்தால் நடுவில் வருவது. பலகையில் 42 லட்சம் பேக்கேஜ் இருக்கும், பி.டி.எஃப்.பில் மூன்றரை லட்சம் இருக்கும். இதுவும் கல்லூரி தானாகக் கொடுக்கும் கணக்குத்தான், ஊதிப் பெரிதாக்க வாய்ப்புண்டு. மூன்று ஆண்டு பி.டி.எஃப்.களை எடுத்து ஒப்பிட்டால் திடீரென ஏறும் எண்கள் தெரிந்துவிடும். கல்லூரி பழைய ஆண்டுக் கோப்புகளை எடுத்துவிட்டிருந்தால் அதுவும் ஒரு தகவல்.

கட்டணக் குழு

உச்ச நீதிமன்றத்தின் 2003-ஆம் ஆண்டு தீர்ப்புக்குப் பின், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் மாநிலக் கட்டணக் குழுக்கள் வந்தன. தமிழ்நாட்டுக் குழு 2017-ல் சுயநிதி இன்ஜினீயரிங் கல்லூரிகளுக்கு நிர்ணயித்த உச்சவரம்பு, அரசு ஒதுக்கீட்டில் ஆண்டுக்கு 50,000 ரூபாய், என்.பி.ஏ. பெற்ற பிரிவுக்கு 55,000. மேனேஜ்மென்ட் ஒதுக்கீட்டில் முறையே 85,000, 87,000. கல்விக் கட்டணத்தோடு ஆய்வகம், கணினி, இன்டர்நெட், நூலகம், விளையாட்டு, பராமரிப்பு எல்லாம் இதற்குள் அடக்கம். விடுதியும் பேருந்தும் வெளியே. நீங்கள் சேரும் ஆண்டுக்கான ஆணையைத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் தளத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இந்தக் குழுவின் வரம்பில் வராது.

ஆணை தெளிவாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் கல்லூரியின் பெயரில் 55,000-க்கு ரசீது தருவார்கள். 'பிளேஸ்மென்ட் பயிற்சி', 'ஸ்கில் டெவலப்மென்ட்' என்று இன்னொரு தொகைக்கு அறக்கட்டளையின் பெயரிலோ வேறு நிறுவனத்தின் பெயரிலோ தனி ரசீது வரும். டொனேஷனுக்கு ரசீதே வராது. அதைத் தடைசெய்யும் தமிழ்நாட்டுச் சட்டம் 1992-லேயே வந்துவிட்டது. கட்டணக் குழு தானாகக் கிளம்பி வந்து பார்க்காது, புகார் வந்தால் விசாரிக்கும். புகாருக்கு ஆதாரம் வேண்டும். எனவே எந்தத் தொகையையும் வங்கி வழியாக மட்டும் கட்டுங்கள், எதற்காக என்று குறிப்பில் எழுதுங்கள். ரொக்கம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் அந்தத் தொகை திரும்பி வராது என்று கணக்கு வைத்துக்கொண்டு முடிவெடுங்கள். முதல் தலைமுறைப் பட்டதாரிக் கட்டணச் சலுகை கவுன்சலிங்கில் சேர்ந்தால்தான் கிடைக்கும். "மேனேஜ்மென்ட்ல சேருங்க, சலுகையை நாங்க வாங்கித் தர்றோம்" என்பது பொய்.

சேர்ந்து விலகினால்: பணமும் சர்டிபிகேட்டும்

பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2018 அக்டோபர் அறிவிப்புப்படி, சேர்க்கைக்கு அறிவிக்கப்பட்ட கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்னதாக விலகினால் முழுத் தொகை. செயலாக்கச் செலவாக 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் மட்டும் பிடிக்கலாம். கடைசித் தேதிக்கு முந்தைய 15 நாட்களுக்குள் என்றால் 90 சதவீதம். தேதி தாண்டி 15 நாள்வரை 80, முப்பது நாள்வரை 50, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. எழுதிக் கொடுத்த 15 நாளில் பணம் வர வேண்டும். சில ஆண்டுகளுக்குத் தனிச் சலுகைச் சுற்றறிக்கையும் வரும்: 2024-25-ல் செப்டம்பர் 30 வரை விலகினால் முழுத் தொகை, அக்டோபர் 31 வரை 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது என்றார்கள்.

பலர் தோற்பது இரண்டு இடத்தில். போனில் சொல்லிவிட்டு எழுத்தில் கொடுக்காமல் இருப்பது. நாள் கணக்கு எழுத்து கிடைத்த தேதியிலிருந்துதான் ஓடும். பதிவுத் தபாலும் மின்னஞ்சலும் சேர்த்து அனுப்புங்கள். இரண்டாவது, கடைசித் தேதி எது என்று கல்லூரி பிறகு மாற்றிச் சொல்வது. சேரும் அன்றே அந்த அறிவிப்பை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டைச் சரிபார்த்து உடனே திருப்பித் தர வேண்டும், வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அதே அறிவிப்பில் இருக்கிறது. "நாலு வருஷ ஃபீஸையும் கட்டிட்டு வாங்கிக்கோங்க" என்பதற்கு எந்த விதியும் இல்லை.

புகார் வழிகள்

யு.ஜி.சி.யின் 2023 விதிமுறைப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும், அது 15 வேலை நாளில் அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லை என்றால் 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு. அவர் 30 நாளில் முடிக்க வேண்டும். ஓய்வுபெற்ற துணைவேந்தர், பேராசிரியர் அல்லது முன்னாள் மாவட்ட நீதிபதிதான் அந்தப் பதவிக்கு வர முடியும். கல்லூரிக் குழுவிடம் எதுவும் எதிர்பார்க்காமல் கொடுங்கள். அது இல்லாமல் அடுத்த படி ஏற முடியாது என்பதற்காகக் கொடுக்க வேண்டியது.

யு.ஜி.சி.யின் 'இ-சமாதான்' தளம் பார்க்க நன்றாக இருக்கிறது. பதிவு செய்தால் எண் வரும், மாணவர் புகாருக்கு 10 வேலை நாள் என்று காலவரம்பும் உண்டு. ஆனால் பெரும்பாலும் புகார் அந்தக் கல்லூரிக்கோ பல்கலைக்கழகத்துக்கோ அனுப்பப்படும், கல்லூரி ஒரு பதில் எழுதும், கோப்பு மூடப்படும். இதைத் தடுக்க, புகாரை உணர்ச்சியில் எழுதாமல் எண்ணில் எழுதுங்கள்: கட்டிய தேதி, தொகை, பரிவர்த்தனை எண், விலகல் கடிதத் தேதி, எந்த அறிவிப்பின்படி எவ்வளவு பாக்கி. ஒரு புகாரில் ஒரே கோரிக்கை. ரீஃபண்டும் சர்டிபிகேட்டும் வேண்டுமென்றால் இரண்டு புகார். ஒன்றாகக் கொடுத்தால் சர்டிபிகேட்டைத் தந்துவிட்டு மொத்தமும் தீர்ந்தது என்று பதில் போடுவார்கள்.

நுகர்வோர் நீதிமன்றத்தை அதிகம் நம்ப வேண்டாம். கோச்சிங் சென்டர்கள் தவிர மற்றக் கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று தேசிய ஆணையத்தின் பெரிய அமர்வு 2020 ஜனவரியில் தீர்ப்பளித்திருக்கிறது. யு.ஜி.சி. வெளியிடும் போலிப் பல்கலைக்கழகப் பட்டியலுக்கும் ஒரு எல்லை உண்டு. பல்கலைக்கழகம் என்று பெயர் வைத்துப் பட்டம் தருகிறவர்களைத்தான் அது பிடிக்கும். மாடிப்படி ஏறிப் போகிற இரண்டு அறைகளில் 'பாராமெடிக்கல் டிப்ளமோ' விற்கிறவர் அதில் வரவே மாட்டார். பட்டியலில் வந்தவர்களுக்கு 1956-ஆம் ஆண்டு யு.ஜி.சி. சட்டம் விதிக்கும் அபராதமும் அதிகபட்சம் 1,000 ரூபாய்தான்.

இத்தனையிலும் குறைவாகப் பயன்படுத்தப்படுவது தகவல் அறியும் உரிமைச் சட்டம். தனியார் கல்லூரி நேரடியாகப் பதில் தராது. அண்ணா பல்கலைக்கழகம் தந்தாக வேண்டும். பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய்க் கட்டணத்தோடு விண்ணப்பித்து, குறிப்பிட்ட கல்லூரிக்குக் கடைசியாக நடந்த இணைப்பு ஆய்வின் அறிக்கை நகல், சுட்டிக்காட்டப்பட்ட குறைகள், அதற்குக் கல்லூரி தந்த பதில் என்று மூன்றை மட்டும் கேளுங்கள். 'ஏன்' என்று கேள்வி கேட்டால் அது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள், ஆவணத்தைக் கேளுங்கள். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். பதிலுக்கு 30 நாள், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. கவுன்சலிங்குக்கு முன் கையில் கிடைக்க வேண்டும் என்றால் பிளஸ் டூ பொதுத் தேர்வு நடக்கும் மார்ச் மாதத்திலேயே தபாலில் சேர்த்துவிடுங்கள், மூன்று நான்கு கல்லூரிகளுக்குத் தனித்தனியாக.